கொறிக்கும் பல்லும் மெல்லும் பல்லும்

உண்ணுந் தொழிலைக் குறிக்கத் தமிழிற் சொற்கள் பலவுள. கொறித்தல், மெல்லுதல், அசைபோடுதல் என்பன ஒருபொருட் சொற்கள் போலத் தோன்றினும், ஒவ்வொன்றும் வெவ்வேறு வினையைச் சுட்டும். கொறித்தல் முன்பல்லின் தொழில். மெல்லுதல் கடைவாய்ப் பல்லின் தொழில். அசைபோடுதலோ விழுங்கியதை மீட்டு மெல்லுதல். விலங்குகளின் வாயமைப்பை நோக்குவார்க்கு இவ்வேறுபாடு இனிது விளங்கும்.

முதலிற் கொறிக்கும் பிராணிகளைக் காண்போம். நம் வளவுகளில் தென்னங்குரும்பையைத் துளைக்கும் எலிக்கும், மாங்காயைக் கொறிக்கும் அணிலுக்கும் மேலே இரண்டும் கீழே இரண்டுமாக நான்கு வெட்டும் பற்கள் உள. இவற்றின் முன்புறத்தை மட்டுமே கடினமான மிளிரி போர்த்திருக்கும். பின்புறம் அதனினும் மென்மையானது. கொறிக்குந்தோறும் பின்புறம் விரைந்து தேய, முன்விளிம்பு உளிபோலக் கூர்மையுற்று நிற்கும். தச்சன் தன் உளியைத் தீட்டக் கல்லைத் தேடவேண்டும். எலியின் உளியோ தொழில் செய்கையிலேயே தீட்டப்படுகின்றது. இப்பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்வன. ஆதலின், தேயாத பல் நீண்டு வளைந்து, ஈற்றில் அவ்வுயிரைப் பட்டினியால் மாய்த்துவிடும்.

மெல்லும் பற்களுக்குப் பிரடரிக் கோட்டைப் புள்ளிமான்களே தக்க சான்று. கோணேசர் கோயிலுக்குச் செல்வோர் அவற்றைக் கண்டிருப்பர். மானுக்கு மேற்றாடையின் முன்புறத்திற் பல் இல்லை; தடித்த மெத்தை போன்ற ஈறே உளது. கீழ்த்தாடையின் எட்டு முன்பற்களை அவ்வீற்றோடு அழுத்திப் புல்லைப் பறித்து, நன்கு மெல்லாமலே விழுங்கும். பகைக்கு அஞ்சும் விலங்கு வெளியில் நெடிது நிற்றல் ஆகாதன்றோ! பின்னர் நிழலிற் படுத்து, விழுங்கியதை வாய்க்கு மீட்டு, கீழ்த்தாடையைப் பக்கவாட்டில் அசைத்து அரைக்கும். கடைவாய்ப் பற்களின் மேலே பிறைவடிவான மிளிரி வரம்புகள் மேடாக நிற்றலின், அவை கொத்திய அம்மிபோல் தொழிற்படும்.

இவ்வரிய அமைப்பே இன்று மானுக்கு ஆபத்தாகின்றது. நுண்ணியதாக அரைபட்ட உணவே இரைப்பையின் முதலறையைக் கடந்து செல்லும். சோறும் உப்பும் ஒட்டிய பொலித்தீன் பையை மான் மெல்லாது விழுங்குகின்றது. பின்னர் எத்துணை மென்றாலும் அப்பை அரைபடாது. முதலறையில் அது திரண்டு கிடப்பின் உணவுக்கு இடமில்லை. வயிறு நிறைந்திருக்கவே விலங்கு மெலிந்து மாயும்.

யானைக்கு வாழ்நாளில் ஆறு முறை கடைவாய்ப் பற்கள் முளைக்கும். மரப்பட்டையை அரைக்கும் அப்பற்களும் பொலித்தீனை வெல்ல மாட்டா. அம்பாறைப் பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் இரை தேடிய யானைகள் பல பிளாஸ்டிக்கை உண்டு இறந்தமை 2022 இல் உலகெங்கும் செய்தியாயிற்று.

நெடுங்காலம் புல்லோடும் இலையோடும் பழகி அமைந்த பற்கள், சில பத்தாண்டுகளுக்குள் வந்த இப்பொருளுக்குத் தம்மை மாற்றிக்கொள்ளல் இயலாது. மாற வேண்டியது நம் பழக்கமே. ஆதலின், கோட்டைக்குச் செல்லும் மாணவரும் பழைய மாணவரும் உணவு கொண்டுசென்ற பையைக் கையோடு மீட்டுக் கொணர்வாராக. மானுக்குப் பையோடு உணவு எறிவாரைக் காணின் இன்சொல்லால் தடுப்பாராக.