மில்லுக்கு ஒரு மணி, ஊருக்கு ஒரு மணி

மான்செஸ்டர் அறிவியல் தொழில் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் ஆளுயரக் கடிகாரம் ஒன்று உண்டு. முகப்பு ஒன்றல்ல, இரண்டு. 1810 வாக்கில் மேக்கிள்ஸ்ஃபீல்டு ஊரின் பார்க் கிரீன் பட்டு மில்லில் இருந்தது. ஒரு முகப்பு ஊர் நேரத்தைக் காட்டும். இன்னொன்று மில்லை ஓட்டிய தண்ணீர்ச் சக்கரத்தோடு பிணைக்கப்பட்டது. ஆற்றில் தண்ணீர் வற்றிச் சக்கரம் மெதுவாகச் சுற்றினால், அந்த முள்ளும் மெதுவாகத்தான் நகரும். வேலை முடிந்ததா என்று எந்த முள்ளைப் பார்ப்பது? சக்கரத்து முள்ளைத்தான். ஆறு வைத்த பாக்கியைத் தொழிலாளி கூடுதல் நேரம் நின்று அடைக்க வேண்டும்.

தொழிற்புரட்சி என்றதும் பள்ளிப் பாடத்தில் நீராவி எஞ்சின் வரும், புகைபோக்கி வரும். எனக்கு இந்தக் கடிகாரம்தான் கண்ணில் நிற்கிறது. மில் மனிதரிடமிருந்து எடுத்துக்கொண்டதிலேயே பெரியது அவருடைய பொழுது.

அதற்கு முன் வீட்டில் தறி போட்டு நெய்த ஆங்கிலேய நெசவாளி ஒன்றும் சொகுசாக வாழவில்லை. வாரக் கடைசியில் துணியை ஒப்படைக்க இரவெல்லாம் விளக்கு வைத்து நெய்வார். திங்கட்கிழமை மட்டும் தறிப் பக்கமே தலைகாட்ட மாட்டார். அந்த ஓய்வுக்குக் கேலியாகப் 'புனிதத் திங்கள்' என்று பெயர். பாடு அதே பாடுதான். ஆனால் எப்போது உட்காருவது, எப்போது எழுவது என்பது அவர் இஷ்டம்.

1771இல் ரிச்சர்ட் ஆர்க்ரைட் டெர்பிஷயரின் கிராம்ஃபோர்டில் தண்ணீரால் ஓடும் நூற்பாலையைத் தொடங்கினார். பகலுக்கு 12 மணி நேரம், இரவுக்கு 12 மணி நேரம் என்று ஆட்கள் மாறினார்கள். மணி அடித்ததும் கேட்டைப் பூட்டிவிடுவார்கள். பிந்தி வந்தவருக்கு அன்றைய கூலி போச்சு. ஒரே சக்கரம் அத்தனை கதிர்களையும் சுழற்றுகிறது. அது ஓடத் தொடங்கும்போது எல்லாரும் அவரவர் இடத்தில் நின்றாக வேண்டும். பின்னாளில் லங்காஷயர் மில் ஊர்களில் விடியுமுன் நீளக் கம்போடு தெருத் தெருவாகப் போய், மாடி ஜன்னலைத் தட்டி ஆட்களை எழுப்புவதே சிலருக்குப் பிழைப்பானது. வாரத்துக்குச் சில பென்னி வாங்கிக்கொண்டு அடுத்தவர் தூக்கத்தைக் கலைக்கும் வேலை!

நேரம் காசானதும் அதில் களவும் வந்தது. காலையில் முள்ளை முன்னே தள்ளுவது, மாலையில் பின்னே இழுப்பது என்று சில முதலாளிகள் கைவரிசை காட்டினார்கள். சட்டம் மெல்ல விழித்தது. 1833இல் ஒன்பது வயதுக்குட்பட்ட பிள்ளைகளைப் பட்டு மில்கள் தவிர்த்த ஜவுளி மில்களில் சேர்ப்பதற்குத் தடை; கண்காணிக்க நாடு முழுவதற்கும் நான்கே இன்ஸ்பெக்டர்கள். 1844 சட்டம் இன்னும் சுவாரசியமானது. வேலை நேரத்தைப் பொதுமக்கள் பார்க்கும் கடிகாரத்தை வைத்தே கணக்கிட வேண்டும் என்றது. மில் மணியும் ஊர் மணியும் ஒன்றாக வேண்டும் என்பதற்கே ஒரு நாடாளுமன்றம் கூட வேண்டியிருந்தது.

1850 சட்டப்படி பெண்களுக்கும் இளம் வயதினருக்கும் சனிக்கிழமை வேலை பிற்பகல் 2 மணியோடு முடிந்தாக வேண்டும். அவர்கள் போய்விட்டால் மில் எப்படி ஓடும்? ஆண்களுக்கும் மெல்ல மெல்ல அந்த அரை நாள் கிடைத்தது. இங்கிலாந்தில் கால்பந்து ஆட்டம் சனிக்கிழமை 3 மணிக்குத் தொடங்கும் வழக்கத்துக்குப் பின்னால் இந்த 2 மணி இருக்கிறது.

இங்கே, சென்னை பெரம்பூரில், நேரத்துக்கான சண்டை சாப்பாட்டு வேளையில் வந்தது. பக்கிங்காம், கர்னாடிக் மில்களில் மதிய இடைவேளை அரை மணி. கை கழுவி, தூக்குச் சட்டியைத் திறந்து, நாலு வாய் அள்ளிப் போடுவதற்குள் உள்ளே ஓட வேண்டும். தொழிலாளர்களின் இந்தக் குறையோடு செல்வபதி செட்டியாரும் ராமானுஜுலு நாயுடுவும் ஹோம் ரூல் தலைவர் பி.பி. வாடியாவிடம் போனார்கள். 1918 ஏப்ரல் 27இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. திரு.வி.க.வும் அதில் தோள் கொடுத்தார். இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று வரலாறு பேசுகிறது. ஆற அமரச் சோறு தின்ன இன்னும் கொஞ்சம் நேரம் கேட்டவர்களின் சங்கம் என்று சொன்னாலும் பிழையில்லை.

எங்கள் கோவையில் 1888இல் ஸ்டேன்ஸ் மில் வந்தது. 1930களில் பைக்காரா மின்சாரம் வந்ததும் மில்கள் மளமளவென்று பெருகின. ஊருக்கு மணி சொன்னது மில் சங்கு. "சங்கு ஊதியாச்சு, இன்னும் உலை வைக்கலையா?" என்பது எங்கள் தெருவில் தினமும் கேட்கும் வசவு. மில்லில் கால் வைக்காத என் பாட்டிகூட மாத்திரை போட்டது சங்குக் கணக்கில்தான். அரை நைட், ஃபுல் நைட் என்ற ஷிப்ட் சொற்களை எங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அவை தாய்மொழியோடு சேர்ந்தே வந்தன.

பக்கத்து வீட்டு அண்ணனுக்கு ஸ்பின்னிங்கில் ஃபுல் நைட். அக்காவுக்கு ரீலிங்கில் பகல் ஷிப்ட். பெண்களுக்கு அப்போது இரவு வேலை கிடையாது. அண்ணன் காலையில் தலைமுடியெல்லாம் பஞ்சு ஒட்டி வந்து சேருமுன் அக்கா கிளம்பிவிடுவார். அவர்கள் வீட்டுச் சாவி எங்கள் ஜன்னல் விளிம்பில் இருக்கும். சாவிக்கு அடியில், தீப்பெட்டி அட்டையில், "ரசம் அடுப்பு மேல இருக்கு" என்பது போல் ஏதாவது எழுதியிருக்கும்.