தவறைச் சொல்ல இடமிருக்கிறதா?

ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் 11 வருடங்கள் வேலை செய்தேன். கடைசி 4 வருடங்கள் 18 பெண்கள் கொண்ட ஒரு தையல் வரிசைக்கு நான்தான் மேற்பார்வையாளர். அங்கே நான் கற்ற பாடம் ஒன்றை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

ஒரு தடவை எங்கள் வரிசையில் தைத்த சட்டைகளின் கழுத்துப்பட்டி பிழைத்துவிட்டது. 300 சட்டைகளையும் பிரித்துத் திரும்பத் தைக்க வேண்டியதாயிற்று. "நான் இல்லை, அவள்தான்" என்று ஆளுக்காள் விரல் நீட்டினார்கள். ஒற்றுமை வளரட்டும் என்று நிர்வாகம் எங்களைக் கடற்கரைக்கு அழைத்துச் சென்றது. கயிறு இழுத்தோம், பாட்டுப் பாடினோம், சிரித்தோம். திங்கட்கிழமை மறுபடியும் அதே சண்டை!

பிறகு பயிற்றுநர் ஒருவர் வந்தார். அவர் விளையாட்டு எதுவும் வைக்கவில்லை. பெயர் எழுதாமல் விடை தரும்படி ஆளுக்கொரு தாள் கொடுத்தார். கேள்விகள் இரண்டுதான். உங்கள் வேலை என்ன? பிழையைக் கண்டால் யாரிடம் சொல்வீர்கள்?

கழுத்துப்பட்டியைச் சரிபார்ப்பது தன் வேலை என்று ஒருவர்கூட எழுதியிருக்கவில்லை. ஒவ்வொருவரும் அடுத்தவர் பார்ப்பார் என்றே நினைத்திருந்தார்கள். இரண்டாவது கேள்விக்குப் பலர் விடையே எழுதவில்லை. ஒரு தாளில் மட்டும், "முதல் பத்துச் சட்டையிலேயே கண்டேன். சொன்னால் மிஸ் ஏசுவா" என்றிருந்தது.

அந்த மிஸ் நான்தான். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

குழுக்களைச் சீரமைப்பது பற்றி 1972இல் எழுதிய அமெரிக்க அறிஞர் ரிச்சர்ட் பெக்ஹார்ட், அம்முயற்சிக்கு நான்கு நோக்கங்களைக் குறிப்பிட்டார். இலக்கை வகுத்தல், வேலையைப் பங்கிடல், வேலை நடக்கும் முறையை ஆராய்தல், உறவை ஆராய்தல் என்பனவே அவை. நாங்களோ முதல் மூன்றையும் விட்டுவிட்டு, உறவை வளர்க்கக் கடற்கரைக்குப் போயிருந்தோம்.

ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் வைத்தியசாலைக் குழுக்களை ஆராய்ந்து 1996இல் வெளியிட்ட கட்டுரையும் சிந்திக்க வைக்கிறது. நல்ல தலைமையுள்ள குழுக்களில்தான் மருந்துத் தவறுகள் அதிகமாகப் பதிவாகியிருந்தன. அவர்கள் அதிகம் தவறு செய்தார்கள் என்பதல்ல, பயமின்றி வெளியே சொன்னார்கள் என்பதே அவர் கண்ட விளக்கம்.

மறுவாரமே எங்கள் முறையை மாற்றினோம். யார் எதைச் சரிபார்ப்பது என்று எழுதிச் சுவரில் ஒட்டினோம். தினமும் காலையில் 10 நிமிடம் நின்றபடியே பேசினோம். பிழை சொல்பவரை ஏசுவதில்லை என்று எல்லோர் முன்னிலையிலும் வாக்குக் கொடுத்தேன். முதல் நாள் யாரும் வாய் திறக்கவில்லை. ஆகவே நேற்று நான் விட்ட பிழையை நானே சொன்னேன். மூன்றாம் நாள் ஒரு தங்கை கை உயர்த்தினாள். அன்று நாங்கள் பிரித்துத் தைத்தவை 6 சட்டைகள் மட்டுமே.

சகோதரிகளே, காரியாலயமாக இருக்கட்டும், பாடசாலையாக இருக்கட்டும், உங்களுக்குக் கீழே நால்வர் வேலை செய்தால் இன்றே அவர்களைக் கேட்டுப் பாருங்கள்: "என்னிடம் சொல்லப் பயந்து மறைத்தது ஏதும் உண்டா?" விடை கசக்கலாம். ஆனால் மாற்றம் அங்கேதான் தொடங்குகிறது.