விலைக்கு வாங்கிய வீரரும் விலகிச் செல்லாத இரசிகரும்

உதைபந்தாட்டத்தை மைதானத்தில் ஆடுவோரிலும் பார்க்க, அதனைப் பற்றி வெளியே நின்று வாதாடுவோரே அதிகம். இங்கிலாந்தின் தொழில் நகரங்களில் இவ்வாதம் ஆண்டு முழுவதும் ஓய்வதில்லை. ஆயினும், ஆட்டப் பருவம் முடிந்து மைதானங்கள் வெறிச்சோடிக் கிடக்கும் கோடை மாதங்களிலேதான் அது உச்சம் பெறுகின்றது. கழகங்கள் வீரர்களை விற்பதும் வாங்குவதும் பெரும்பாலும் அக்காலத்திலேயே. யாரை வாங்கினார்கள், என்ன விலை கொடுத்தார்கள், அவ்விலைக்கு அவர் தகுமா என்ற கேள்விகள் மதுச்சாலையிலும் புகைவண்டியிலும் தொழிற்சாலை வாயிலிலும் எழுகின்றன.

இவ்வாதத்திலே இரண்டு கட்சிகள் உள. பொருளை வாரி இறைத்தாலன்றி வெற்றி கிட்டாது என்பது ஒன்று. இளைஞரைப் பயிற்றி வளர்த்தெடுப்பதே அணியமைக்கும் முறை என்பது மற்றையது. இரண்டையும் வீண் பேச்சென்று ஒதுக்கும் அறிஞரும் உளர். லீட்ஸ் நகரின் கதையை அறிந்தவர் அவ்வாறு ஒதுக்கமாட்டார்.

லீட்ஸ், யோர்க்‌ஷயர்ப் பிரதேசத்தின் பெருநகர். அந்நகருக்குப் பெரிய உதைபந்தாட்டக் கழகம் ஒன்றே ஒன்று: லீட்ஸ் யுனைற்றெட். 1992ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் முதற்பிரிவுச் சம்பியனாக விளங்கிய அக்கழகம், 1997இல் இளைஞருக்கான எஃப். ஏ. கிண்ணத்தையும் வென்றது. ஹரி கியூவெல், ஜொனதன் வூட்கேற், அலன் சிமித் முதலிய இளைஞர் அக்கழகத்தின் பயிற்சிக்கூடத்திலிருந்தே முதலணிக்கு உயர்ந்தனர். வளர்த்தெடுக்கும் கட்சியினர் பெருமை கொள்வதற்கு இதனினும் வேறென்ன வேண்டும்?

ஆனால், 2000ஆம் ஆண்டில் காற்றுத் திசை மாறிற்று. லீக் போட்டியில் மூன்றாம் இடத்தைப் பெற்ற கழகம், ஐரோப்பியச் சம்பியன் கிண்ணத்திலும் கண் வைத்தது. அவ்வாண்டு நவம்பரில் ரியோ பேர்டினன்ட் என்னும் பின்கள வீரரை 1 கோடியே 80 இலட்சம் பவுணுக்கு வாங்கிற்று. பின்கள வீரர் ஒருவருக்கு உலகில் எவரும் அதுவரை அவ்வளவு பணம் கொடுத்ததில்லை. 2001 மே மாதத்தில் லீட்ஸ் அணி ஐரோப்பிய அரையிறுதியில் ஸ்பெயினின் வலன்சியா அணியை எதிர்த்து ஆடியது. இரசிகர் மெய்ம்மறந்தனர். பொருளை இறைக்கச் சொன்ன கட்சி வென்றுவிட்டதென்றே எல்லாரும் எண்ணினர்.

அவ்வரையிறுதியில் அணி தோற்றது. லீக் போட்டியிலும் நான்காம் இடமே கிடைத்தது. அடுத்த ஆண்டின் சம்பியன் கிண்ணத்திற்குள் நுழைய மூன்றாம் இடம் வேண்டியிருந்தது. அக்கிண்ணத்தில் தொடர்ந்து ஆடுவோம், அதன் வருமானத்தால் கடனை அடைப்போம் என்பதே நிருவாகத்தின் கணக்கு. கணக்கு பிழைத்த பின்னரும் செலவு நிற்கவில்லை. வருங்கால நுழைவுச்சீட்டு வருமானத்தைப் பிணையாக வைத்து, 25 ஆண்டுகளில் அடைக்கவேண்டிய 6 கோடி பவுண் கடனைக் கழகம் பெற்றது. பிறக்காத பிள்ளைகள் வாங்கப்போகும் சீட்டுகளும் அக்கடனுக்கு ஈடாயின.

பின்னர் விற்பனை தொடங்கிற்று. 2002இல் பேர்டினன்ட், லீட்ஸ் மக்கள் பெரும்பகையாகக் கருதும் மன்செஸ்ற்றர் யுனைற்றெட் கழகத்துக்கு ஏறத்தாழ 3 கோடி பவுணுக்கு விற்கப்பட்டார். 2003இல் வூட்கேற்றும் கியூவெலும் சென்றனர். வாங்கிய வீரரை மட்டுமன்றி வளர்த்த வீரரையும் கடன் கொண்டு போயிற்று. 2004 மே மாதத்தில் கழகம் இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது. அப்பருவத்தின் இறுதி உள்ளூர் ஆட்டம் முடிந்ததும், லீட்ஸ் மண்ணின் மைந்தனான சிமித்தை இரசிகர் தோளிற் சுமந்து சென்றனர். சில வாரங்களில் அவரும் மன்செஸ்ற்றர் யுனைற்றெட்டில் சேர்ந்தார். அவ்வாண்டிலேயே எலண்ட் றோட் மைதானமும் கைமாறிற்று.

அப்படியாயின், பொருள் செலவிடுவதே பிழையா? அன்று. லிவர்பூல் கழகத்தின் கதை அதற்கு விடை. 2018 ஜனவரியில் அக்கழகம் பிலிப் கூற்றீனோ என்னும் தன் சிறந்த பிரேசில் வீரரை, 14 கோடி பவுணை எட்டக்கூடிய விலைக்குப் பார்சலோனாவுக்கு விற்றது. அதேவேளை, வேர்ஜில் வான் டைக் என்னும் பின்கள வீரருக்கு 7 கோடியே 50 இலட்சம் பவுண் கொடுத்தது. ஒரு பின்கள வீரருக்கு இவ்வளவா என்று பலர் நகைத்தனர். அவ்வாண்டு ஐரோப்பிய இறுதியாட்டத்தில் பந்துகாப்பாளரின் தவறுகளால் தோற்ற கழகம், அந்தக் கோடையிலேயே அலிசன் என்னும் பந்துகாப்பாளரைப் பெரும் பொருள் கொடுத்து வருவித்தது. 2019 அரையிறுதியின் முதலாட்டத்தில் 0–3 எனத் தோற்றிருந்தும், தன் மைதானத்தில் அதே பார்சலோனாவை 4–0 என வீழ்த்திக் கிண்ணத்தையும் வென்றது. அன்றிரவு கூற்றீனோ தோற்ற அணியில் நின்றார்.

இரண்டு கழகங்களும் பெருஞ்செலவு செய்தன. லிவர்பூல், தன் வீட்டில் எந்தச் சுவர் விழுந்துள்ளதென்று பார்த்து, கையிலிருந்த பணத்தில் அச்சுவரைக் கட்டியது. லீட்ஸோ, வாராத வருமானத்தை வந்ததாகக் கொண்டு மேல்மாடி எழுப்பியது. ஆகவே, இரசிகர் கேட்கவேண்டியது "எவ்வளவு?" என்பதன்று. எந்தக் குறையை நிரப்புவதற்கு? யாருடைய பணத்தில்? பிழைத்துப்போனால் சுமப்பவர் யார்? இம்மூன்றுமே கேட்கத் தக்கவை.

மூன்றாவது கேள்விக்கு விடை வெளிப்படை. வீரர் வேறு கழகத்துக்குப் போவார். தலைவர் பதவி விலகுவார். இரசிகர் எங்கும் போகார். 2007இல் லீட்ஸ் மூன்றாம் பிரிவுக்கு விழுந்தது. அங்கு ஆடிய முதற்பருவத்திலும் அதன் உள்ளூர் ஆட்டங்களுக்குச் சராசரியாக 26,000 பேரளவில் வந்தனர். அதனாலேதான், 2017இல் மைதானம் மீண்டும் கழகத்தின் உடைமையானபோதும், 16 ஆண்டுகளின் பின் 2020இல் கழகம் முதற்பிரிவுக்கு ஏறியபோதும், கொண்டாடுவதற்கு ஒரு நகரம் எஞ்சியிருந்தது.

ஜெர்மனியில் இவ்வுண்மைக்கு விதி வடிவம் கொடுத்துள்ளனர். 1998இல் கழகங்கள் தம் தொழில்முறை அணிகளைக் கம்பனிகளாக மாற்ற இடமளித்தபோது, சில விலக்குகள் நீங்கலாக, பாதிக்கு மேற்பட்ட வாக்குரிமை உறுப்பினர் கையிலேயே இருத்தல் வேண்டும் என்று வகுத்தனர். அங்கும் ஒவ்வொரு வீரரின் விலையையும் உறுப்பினர் வாக்கெடுத்துத் தீர்மானிப்பதில்லை. எனினும், தீர்மானிப்பவர் ஆண்டுக்கொரு முறையாவது அவர்கள் முன்னிலையில் எழுந்து நின்று கணக்குச் சொல்லவேண்டியுள்ளது.

2001இல் லீட்ஸ் இரசிகர்களுட் பெரும்பாலோர் செலவைக் கண்டு கைதட்டினர் என்பதையும் மறைத்தலாகாது. வெற்றியின் போதையில் எவரும் கணக்குப் புத்தகத்தைத் திறக்க விரும்புவதில்லை. எனவே, மதுச்சாலை மூலையில் அமர்ந்து, "இதற்குப் பணம் எங்கிருந்து வருகிறது?" என்று முனகும் கிழவரை அரசிகன் என்று பழிக்கவேண்டாம். ஒரு பங்கேனும் தமக்கில்லாத கழகத்தை "எங்கள் கழகம்" என்று சொல்பவர் அவர். அச்சொல்லுக்கு அவர் கொடுத்த விலையை எந்தக் கணக்காளரும் எழுதிவைக்கவில்லை.