எந்தச் சோதனை யாருக்கு?

மைசூரு நகரில் குக்கரஹள்ளி ஏரி இருக்கிறது. காலையில் ஏரிக்கரையில் பலர் நடக்கிறார்கள். சிலர் ஓடுகிறார்கள். பந்தயத்துக்காக அல்ல, உடல் நலத்துக்காக.

ஓடிப் பழகினால் இதயமும் நுரையீரலும் பலம் பெறும். பலம் கூடியதை எப்படி அறிவது? அதற்குச் சோதனைகள் உண்டு.

1968-ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவர் கென்னத் கூப்பர் ஒரு சோதனையை வெளியிட்டார். 12 நிமிடத்தில் எவ்வளவு தூரம் ஓட முடிகிறது? அதை அளக்க வேண்டும். தூரம் கூடினால் பலமும் கூடியிருக்கிறது. ஆனால் இதில் முடிந்த மட்டும் வேகமாக ஓட வேண்டும். பல மாதம் ஓடிப் பழகியவருக்கே இது ஏற்றது.

புதியவருக்கு நாடிச் சோதனை போதும். ஒரே பாதையில், ஒரே வேகத்தில் நடக்க வேண்டும். நின்றவுடன் மணிக்கட்டில் விரல் வைத்து, 15 விநாடி நாடித் துடிப்பை எண்ண வேண்டும். அதை 4 ஆல் பெருக்கிக் குறித்து வைக்க வேண்டும். மாதம் ஒருமுறை இப்படிப் பார்க்கலாம். துடிப்பு குறைந்து வந்தால் இதயம் பலம் பெறுகிறது.

சர்க்கரை நோய், இரத்தக் கொதிப்பு, இதய நோய் உள்ளவர்கள் முதலில் மருத்துவரைக் கேட்க வேண்டும். தேவையானால் அவர் மருத்துவமனையில் டிரெட்மில் சோதனை செய்யச் சொல்வார். நெஞ்சு வலித்தாலோ, தலை சுற்றினாலோ உடனே நிற்க வேண்டும். மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

உடல்நிலை அறிந்து சோதனையைத் தேர்ந்தெடுப்போம். நலமாக ஓடுவோம்.