இரவு உணவும் இல்லக் கணக்கும்



குடும்பத்தின் வரவு செலவைப் பற்றிப் பேசுவோர் திருமணச் செலவையும் கல்விச் செலவையும் விரிவாக எடுத்துரைப்பர். மாலையில் அடுப்பு மூட்டும்போது எழும் கணக்கை எவரும் பெரிதாகக் கருதுவதில்லை. கள்ளக்குறிச்சி வட்டாரத்திலும் கல்வராயன் மலையடிவாரத்திலும் ஆசிரியனாகவும் பின்னர்த் தலைமையாசிரியனாகவும் இருந்து ஓய்வு பெற்ற நான், இன்று அந்த அடுப்படிக் கணக்கைப் பற்றியே பேச விழைகின்றேன். இது தாய்மார்களுக்கு மட்டும் உரிய பேச்சன்று. கூலியைக் கையில் வாங்கும் ஆடவரும் செவிசாய்த்தல் நலம்.

இரவு வேளையைத் தனியே எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. அரசு தொடக்கப் பள்ளியில் பயிலும் குழந்தைக்கு நண்பகலில் சத்துணவும் முட்டையும் கிடைக்கின்றன. 2022 செப்டம்பரில் தொடங்கப்பட்டு, 2023 ஆகஸ்டில் மாநிலமெங்கும் உள்ள அரசு தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்த காலை உணவுத் திட்டத்தால் காலைப் பசியும் தீர்கின்றது. ஆகவே பள்ளி நாட்களில் பெற்றோர் பொறுப்பில் எஞ்சுவது இரவு உணவு ஒன்றே. "நேற்றிரவு என்ன உண்டீர்கள்?" என்று வகுப்பில் கேட்பது என் வழக்கம். ரசஞ்சோறு, மோர்ச்சோறு, தொட்டுக்கொள்ள ஊறுகாய் என்ற விடைகளே மிகுதி. பருப்பு உண்டதாகக் கூறியவர் மிகச் சிலரே.

சோற்றுக்குக் குறைவில்லை. 2011 முதல் நியாய விலைக் கடைகளில் அரிசி விலையின்றி வழங்கப்படுகின்றது. அதே கடையில் ஒரு குடும்ப அட்டைக்கு மாதம் ஒரு கிலோ துவரம்பருப்பு 30 ரூபாய்க்குக் கிடைக்கின்றது. இங்கேதான் நாம் கணக்குப் போடவேண்டும். ஐவர் கொண்ட குடும்பம்; முப்பது நாட்கள்; ஒரு கிலோ பருப்பு. வகுத்துப் பார்த்தால் ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஏழு கிராம்கூடத் தேறாது. ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டியோ, நாளொன்றுக்கு 2,000 கலோரி வேண்டுவோர்க்குத் தானியம் 250 கிராம், பருப்பு வகை 85 கிராம், காய்கறி கீரைகள் 400 கிராம் எனக் கூறுகின்றது. இந்நிறுவனத்தின் தொட்டில் நம் நீலகிரிக் குன்னூர் என்பதையும் இங்கே சொல்லிவைக்கலாம். தீட்டிய அரிசியையே நம்பியிருந்தோரைப் பீடித்த பெரிபெரி நோயை ஆராய்வதற்காக 1918இல் அங்கே ஒரு சிறு ஆய்வுக்கூடமாகப் பிறந்தது அது.

அரிசிப் புரதத்தில் லைசின் என்னும் கூறு குறைவு. பயறு வகைகளில் அது நிறைவாக உண்டு; ஆனால் அரிசியில் உள்ள வேறொரு கூறு அவற்றில் குறைவு. இரண்டும் ஒரு நாள் உணவில் சேரும்போது ஒன்றன் குறையை மற்றொன்று நிரப்பிவிடுகின்றது. ஆதலால் கையிலுள்ள காசில் முதற்பங்கு பயற்றுக்கும் அடுத்த பங்கு கீரைக்கும் செல்லவேண்டும் என்பது என் துணிபு. இரண்டு பிள்ளைகளுக்கு நாளும் பத்து ரூபாய்த் தின்பண்டப் பொட்டலம் வாங்கினால் மாதம் 600 ரூபாய் ஆகின்றது. அத்தொகைக்கு எத்தனை கிலோ கொள்ளும் தட்டைப்பயறும் வரும் என்று மளிகைக் கடையில் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். பழைய வழக்கப்படி இதனை வீட்டுப் பாடமாகவே தருகின்றேன்.

கொள்ளினை எடுத்துக்கொள்வோம். ஐவருக்கு 150 கிராம் போதும். முதல்நாள் இரவே ஊறவைத்து, மறுநாள் மாலையில் நீர் தாராளமாக விட்டு மசிய வேகவையுங்கள். வடித்த நீரில் புளியும் மிளகும் சீரகமும் பூண்டும் சேர்த்தால் ரசம். எஞ்சிய கொள்ளில் வெங்காயம் தாளித்தால் சுண்டல். ஒரே அடுப்பில், ஒரே விறகில், இரண்டு பண்டங்கள். தட்டைப்பயறும் மொச்சையும் கத்தரிக்காயோடு கூடிக் குழம்பாகும். முருங்கைக் கீரையை நம்மூரில் காசு கொடுத்து வாங்குவோர் குறைவு. கொல்லையிலோ அண்டை வீட்டிலோ ஒரு மரம் இருக்கும். பாசிப்பருப்புடன் அதனை வதக்கி, அடுப்பிலிருந்து இறக்கியபின் எலுமிச்சை பிழியுங்கள். அச்சாற்றிலுள்ள வைட்டமின் சி, கீரையின் இரும்புச்சத்தை உடல் ஏற்க உதவும். கொதிக்கும்போது பிழிந்தால் அது வீணாகும். உண்ட கையோடு தேநீர் பருகுவது இரும்பை உடலில் சேரவிடாது தடுக்கும்; ஒரு மணி நேரமேனும் கழித்துப் பருகலாம்.

இனி மலைக்கு வருவோம். வெள்ளிமலையைச் சுற்றியுள்ள ஊர்களில் மலையாளிப் பழங்குடியினர் சாமையும் தினையும் கேழ்வரகும் விளைத்து உண்டு வந்தனர். இன்றோ சாமையைச் சந்தைக்கு அனுப்பிவிட்டுக் கடை அரிசியைச் சமைக்கும் வீடுகள் பல. நகரத்தில் அச்சாமை அழகிய பையில் அடைபட்டு, செல்வர்களின் நலவுணவாக விலை ஏறி நிற்கின்றது! இதற்குச் சுவையை மட்டும் காரணம் சொல்வது நியாயமாகாது. சாமையின் உமி எளிதில் நீங்குவதன்று. பகலெல்லாம் காட்டில் உழைத்த பெண், மாலையில் உரலில் இட்டுக் குத்திப் புடைத்த பின்னரே உலை வைக்கவேண்டும். அரிசி வந்ததும் அவள் அதனைக் கைவிட்டதில் வியப்பென்ன? அருகிலுள்ள கொல்லிமலையில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் சிறு உமி நீக்கும் இயந்திரங்களை மகளிர் குழுக்களிடம் ஒப்படைத்தனர். கல்வராயனிலும் ஊர்தோறும் அத்தகைய பொறி இருக்குமாயின், உபதேசம் செய்வோர்க்கு வேலை குறையும். 2023இல் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் அட்டைதாரர்க்கு அரிசியில் இரண்டு கிலோவுக்கு ஈடாகக் கேழ்வரகு வழங்கத் தொடங்கினர். 100 கிராம் அரிசியில் சுண்ணாம்புச்சத்து ஏறத்தாழ 10 மில்லிகிராம்; கேழ்வரகில் 340க்கும் மேல். நம் மலைக்கும் அது வரவேண்டுமென்பது என் வேண்டுகோள்.

மரவள்ளியைப் பற்றியும் ஒரு சொல். அது வயிற்றை நிரப்பும். ஆனால் அதன் புரதம் 100 கிராமில் ஒரு கிராம் அளவே. தோலை நன்கு நீக்கி, நறுக்கி, மூடாத பாத்திரத்தில் நீர் நிறைய விட்டு வேகவைத்து, அந்நீரைக் கொட்டிவிடவேண்டும். கிழங்கின் நச்சுப்பொருள் அவ்வாறுதான் குறையும். கிழங்கு உண்ணும் இரவில் மொச்சைக் குழம்போ முட்டையோ கட்டாயம் உடனிருக்கட்டும்.

சாமைச் சோற்றுக்கு, ஒரு பங்கிற்கு இரண்டரைப் பங்கு நீர் கணக்கு. கால்மணி நேரம் ஊறினால் விரைவில் வெந்துவிடும். உமியோடிருக்கும் சாமை ஆண்டுக்கணக்கில் கெடாது. உமி நீக்கியதோ சில மாதங்களில் சிக்கல் வாடை கொள்ளும். ஆதலால் மலைவாழ் அன்பர்கள் அறுவடையானதும் வீட்டிற்கு வேண்டியதை அளந்து குதிரில் இட்டுவிட்டு, எஞ்சியதை விலை பேசுங்கள். குத்துவதை மாதத்திற்கு வேண்டிய அளவு மட்டும் குத்திக்கொள்ளுங்கள்.