நிலவறையில் முதிரும் ஏல்

இங்கிலாந்தின் பப்புகளில் கைப்பம்பு வழியே வழங்கப்படும் 'ரியல் ஏல்' என்னும் பீர், ஆலையை விட்டு வெளியேறும்போது முழுமை பெற்ற பண்டம் அன்று. உயிருள்ள ஈஸ்ட்டும் நொதிக்காமல் எஞ்சிய சிறிதளவு சர்க்கரையும் பீப்பாய்க்குள் இருக்கும் நிலையிலேயே அது அனுப்பப்படுகிறது. பப்பின் நிலவறையில் சில நாள்கள் கிடந்து, இரண்டாம் முறை நொதித்து, தெளிந்த பின்னரே அது குடிப்பதற்கு உரியதாகிறது. ஆகவே அதன் சுவையில் ஆலைக்கு எவ்வளவு பங்கு உண்டோ, ஏறக்குறைய அவ்வளவு பங்கு நிலவறையைப் பேணுபவருக்கும் உண்டு. பழைய கட்டடங்களைப் புதுப்பித்துப் பப்புகளாகத் திறக்கும் வழக்கம் பிரிட்டிஷ் நகரங்களில் பெருகியிருக்கும் இக்காலத்தில், அப்பணி செம்மையாக நடந்திருக்கிறதா என்பதைச் சுவர் ஓடுகளையும் மரவேலைப்பாட்டையும் விட, வாடிக்கையாளர் கண்ணில் படாத அந்த நிலவறையே தெளிவாகக் காட்டுகிறது.

ஏல் செய்முறையின் முற்பகுதி பிற பீர்களுக்கும் ஏறக்குறையப் பொதுவானது. முளைக்கட்டி உலர்த்திய பார்லியை, அதாவது மால்ட்டை, நொறுக்கி ஏறத்தாழ 65 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் ஊறவைத்தால், தானியத்திலுள்ள நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றுகின்றன. அந்த இனிப்பு நீரை வடித்தெடுத்து, கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் என்னும் கொடிப்பூக்களுடன் கொதிக்கவைத்து, ஆறிய பின் ஈஸ்ட் சேர்க்கின்றனர். லாகர் வகைக்குரிய ஈஸ்ட் குளிர்ந்த நிலையில் மெல்ல வேலை செய்ய, ஏலுக்குரிய ஈஸ்ட் 20 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில் விரைந்து செயல்பட்டு, மேற்பரப்பில் தடித்த நுரையாகத் திரண்டு, பழத்தை நினைவூட்டும் மணங்களையும் உண்டாக்குகிறது. வழிகள் பிரிவது இதன் பிறகுதான். கெக் எனப்படும் அழுத்தக் கலனில் செல்லும் வழக்கமான பீர் வடிகட்டப்பட்டு, பெரும்பாலும் பாஸ்டர் முறைப்படி சூடாக்கப்பட்டு, ஈஸ்ட் நீங்கிய நிலையில் கரியமில வாயு ஏற்றப்பெறுகிறது. ரியல் ஏலோ வடிகட்டப்படாமல் ஈஸ்ட்டுடனேயே பீப்பாயில் அடைக்கப்படுகிறது. இறக்கிய கள் பானையிலும் தொடர்ந்து புளிப்பதை அறிந்த தமிழ் வாசகருக்கு இது வியப்பளிக்காது. கள்ளில் தானாக நிகழும் அம்மாற்றத்தை ஏல் தொழிலில் அளந்து நெறிப்படுத்துகிறார்கள் என்பதே வேறுபாடு.

இன்றைய பப்புகளில் மிகுதியாகக் காணப்படும் பீப்பாய் 'ஃபர்கின்' எனப்படுவது. அதன் கொள்ளளவு 9 கேலன், அதாவது ஏறத்தாழ 41 லிட்டர் அல்லது 72 பைன்ட். ஒரு பைன்ட் என்பது பிரிட்டனில் 568 மில்லிலிட்டர். ஒருகாலத்தில் ஓக் மரப்பலகைகளால் செய்யப்பட்ட பீப்பாய்கள் இப்போது பெரும்பாலும் உலோகத்தால் ஆனவை என்றாலும், நடுவில் பருத்த பழைய வடிவம் மாறவில்லை. கிடைமட்டமாக வைக்கும்போது வண்டல் அந்தப் பருத்த வயிற்றில் படிந்து, குழாயின் வாயிலிருந்து விலகி நிற்பதற்கு அவ்வடிவம் உதவுவதே அதற்குக் காரணம். பீப்பாயின் வயிற்றுப் பகுதியிலுள்ள துளையை அடைக்கும் தட்டையான அடைப்பு 'ஷைவ்' என்றும், முகப்பில் விளிம்பை ஒட்டிக் குழாய் பொருத்துவதற்குரிய அடைப்பு 'கீஸ்டோன்' என்றும் வழங்கப்படுகின்றன.

நிலவறைக்கு வந்த பீப்பாய், 'ஸ்டில்லேஜ்' என்னும் தாங்கியின் மேல் ஷைவ் மேல்நோக்கி இருக்குமாறு கிடத்தப்பட்டு, ஆப்புகளால் அசையாமல் நிறுத்தப்படுகிறது. அடுத்து ஷைவின் நடுவே 'ஸ்பைல்' என்னும் சிறு மர முளை அடிக்கப்படுகிறது. முதலில் இடுவது காற்றை ஊடுருவவிடும் மென்மரத்தாலோ மூங்கிலாலோ ஆன மென் முளை; அதன் வழியே மிகையான கரியமில வாயு நுரைத்து வெளியேறுகிறது. பணியாளர் நுரையைத் துடைத்துவிட்டு, அது மீண்டும் எவ்வளவு விரைவாகப் பொங்குகிறது என்று பார்த்து நொதித்தலின் வேகத்தைக் கணிக்கிறார். பொங்குதல் தணிந்ததும் மென் முளையை நீக்கி, காற்றுப் புகாத வன்மர முளையை இட்டு, எஞ்சிய வாயு பீரிலேயே கரைந்து நிற்கும்படி செய்கிறார். இம்மாற்றத்தைச் செய்யும் நேரத்தை எந்தக் கடிகாரமும் சொல்வதில்லை: முந்தினால் பீர் கட்டுக்கடங்காமல் நுரைக்கும், பிந்தினால் உயிரற்றுச் சப்பென்றாகும், ஆலைக்கு ஆலை, பருவத்துக்குப் பருவம் அந்நேரம் மாறுவதால், பட்டறிவே இங்கு அளவுகோலாக இருக்கிறது.

பீர் தெளிவதற்கு 'ஐசிங்ளாஸ்' என்னும் பொருள் பெரும்பாலும் ஆலையிலேயே சேர்க்கப்பட்டிருக்கும். சில மீன்களின் காற்றுப்பையிலிருந்து பெறப்படும் இது, கொலாஜன் என்னும் புரதத்தால் ஆனது. அதன் மூலக்கூறுகள் நேர் மின்னூட்டமும் ஈஸ்ட் செல்களின் மேற்பரப்பு எதிர் மின்னூட்டமும் கொண்டிருப்பதால், இரண்டும் ஒன்றையொன்று ஈர்த்துத் திரள்களாகி அடியில் படிகின்றன. மீன்பொருள் வேண்டாதோரை எண்ணி இதைத் தவிர்க்கும் ஆலைகளும் இப்போது உண்டு. அவற்றின் ஏல் சற்றுக் கலங்கலாக வருவதுண்டு, அது குறையன்று.

நிலவறையின் வெப்பநிலை 11 முதல் 13 டிகிரிக்குள் இருக்கவேண்டும். ஆங்கிலேயர் பீரைச் சூடாகக் குடிக்கிறார்கள் என்று உலகெங்கும் பரவியுள்ள கருத்து இதை அறியாததன் விளைவு. அது குளிர்ந்ததே, உறையும் அளவுக்குக் குளிர்ந்ததன்று. இதனினும் குளிர்ந்தால் மால்ட், ஹாப்ஸ் ஆகியவற்றின் மணம் மங்கி பீரும் கலங்கும். வெப்பம் மிகுந்தால் பீர் விரைவில் கெடும். பரிமாறும் இடம் மேலே வெதுவெதுப்பாக இருப்பதால், குளிர்நீர்க் குழாய்களோடு பீர்க் குழாய்களையும் சேர்த்துக் கட்டி உறையிட்டு மேலே கொண்டுசெல்கின்றனர். தடித்து நீண்ட அந்தக் கட்டுக்குத் தொழிலில் 'பைத்தான்' என்றே பெயர்.

மேலே பாரில் நிற்கும் நீண்ட கைப்பிடிதான் வாடிக்கையாளர் காணும் ஒரே கருவி. அதை இழுக்கும்போது, பாரின் அடியிலுள்ள உருளைக்குள் பிஸ்டன் உயர்ந்து நிலவறையிலிருந்து பீரை உறிஞ்சுகிறது. ஒரு வழித் தடுப்பிதழ் அதைத் திரும்பிச் செல்லவிடாமல் காக்கிறது. உருளை பெரும்பாலும் அரை பைன்ட் கொள்வதாகையால், ஏறத்தாழ இரண்டு முழு இழுப்புகளில் ஒரு பைன்ட் நிறைகிறது. பூட்டுகளுக்கும் நீரழுத்தப் பொறிக்கும் புகழ்பெற்ற ஜோசப் பிராமா, நிலவறையிலிருந்து பீரை மேலேற்றும் அமைப்பு ஒன்றுக்கு 1797-இல் காப்புரிமை பெற்றார். இங்கிலாந்தின் வடபகுதியில் குழாய் நுனியில் 'ஸ்பார்க்ளர்' என்னும் நுண்துளை மூடியைப் பொருத்தி, அடர்ந்த வெண்ணுரையுடன் பரிமாறுவர்; தெற்கில் பலர் அது மணத்தையும் வாயுவையும் சிதறடிப்பதாகக் கருதி மறுப்பர். இரு தரப்பின் வழக்கும் இன்றுவரை தீரவில்லை.

இத்தொழில் ஒருகட்டத்தில் அழியும் நிலைக்கு வந்தது. 1960-களில் பெரும் ஆலைகள் சிறியவற்றை விழுங்கி, எங்கும் ஒரே சுவை தரும், தேர்ந்த நிலவறைப் பணியாளர் தேவைப்படாத கெக் பீரை முன்னிறுத்தின. வாட்னீஸ் நிறுவனத்தின் 'ரெட் பேரல்' அதன் அடையாளமாயிற்று. 1971-இல் வடமேற்கு இங்கிலாந்தைச் சேர்ந்த நான்கு இளைஞர்கள் அயர்லாந்தின் கெர்ரி மாவட்டத்தில் ஒரு பப்பில் கூடி, சுருக்கமாக 'கேம்ரா' என அறியப்படும் இயக்கத்தைத் தொடங்கினர். பரிமாறப்படும் கலனிலேயே இரண்டாம் நொதித்தலில் முதிர்ந்து, வெளியிலிருந்து வாயு செலுத்தப்படாமல் வழங்கப்படுவதே ரியல் ஏல் என்னும் வரையறை அவ்வியக்கத்தின் கொடை. நுகர்வோர் தாமே திரண்டு ஒரு கைத்தொழிலைக் காத்த நிகழ்வுகளில் இது போற்றத்தக்கது. 2002-இல் சிறு ஆலைகளுக்குத் தீர்வை குறைக்கப்பட்டது அடுத்த திருப்பம். அதன் பின் சிற்றாலைகள் விரைந்து பெருகின. அமெரிக்காவிலிருந்து பரவிய 'கிராஃப்ட் பீர்', மணம் மிகுந்த புதிய ஹாப்ஸ் வகைகளையும் துணிந்த சோதனைகளையும் கொண்டுவந்தது. அது பெரும்பாலும் கெக்கில் வந்தாலும் வடிகட்டப்படாமலும் சூடாக்கப்படாமலும் வருவது உண்டாகையால், கெக் என்றாலே தாழ்ந்தது என்ற பழைய எதிர்ப்புக்கு இப்போது முன்போல் வலுவில்லை.

இரு மரபுகளும் ஒரே பாரில் சந்திக்கும் இடத்துக்கு ஷெஃபீல்டு ரயில் நிலையத்திலுள்ள 'ஷெஃபீல்டு டேப்' நல்ல சான்று. 1904-ஆம் ஆண்டைச் சேர்ந்த சிற்றுண்டி அறை பல்லாண்டுகள் பாழடைந்து கிடந்து, பழைய அழகு குலையாமல் சீரமைக்கப்பட்டு 2009-இல் பப்பாகத் திறக்கப்பட்டது. அடுத்திருந்த உணவுக்கூடத்தில் பின்னர் ஒரு சிற்றாலையும் அமைந்தது. உருக்காலைகளின் நகரமான ஷெஃபீல்டு இன்று ஏலுக்குப் பெயர்பெற்றது. அருகிலுள்ள டெர்பிஷைரின் தார்ன்பிரிட்ஜ் ஆலை 2005-இல் வெளியிட்ட, 5.9 விழுக்காடு ஆல்கஹால் கொண்ட 'ஜெய்ப்பூர்', இந்தியா பேல் ஏல் வகையைச் சேர்ந்தது. அவ்வகை கடற்பயணத்துக்கென்றே கண்டுபிடிக்கப்பட்டது என்னும் கதைக்கு வலுவான ஆதாரமில்லை. ஹாப்ஸ் மிகுத்துச் செய்யும் வழக்கம் முன்பே இருந்தது, லண்டனின் ஹாட்ஜ்சன் ஆலையும் பின்னர் பர்ட்டன் நகரத்து ஆலைகளும் கல்கத்தாவுக்கும் மதராஸுக்கும் அனுப்பிய பீர், பல மாதப் பயணத்தில் பீப்பாயிலேயே முதிர்ந்தது என்பதே பொருந்தும்.

புதுப்பிக்கப்பட்ட பப்புகளில் அடிக்கடி நேரும் பிழை ஒன்று உண்டு. பரிமாறத் தொடங்கியதும், வெளியேறும் பீரின் இடத்தைக் காற்று நிரப்புகிறது. அதிலுள்ள ஆக்சிஜன் முதலில் மணத்தை மந்தமாக்கி, பின்னர் நுண்ணுயிர்களின் துணையோடு பீரைக் காடியாக்குகிறது. ஆகவே திறந்த பீப்பாய் மூன்று நாள்களுக்குள் காலியாக வேண்டும். வண்டலைக் கழித்து ஃபர்கினில் 70 பைன்ட் தேறும் என்று கொண்டால், ஒரு கைப்பம்புக்கு நாளொன்றுக்கு 23 பைன்ட் விற்கவேண்டும். பத்துப் பம்புகளைப் பளபளப்பாக நிறுத்தும் பப்புக்கு 230 பைன்ட் வரை ரியல் ஏல் விற்கும் கூட்டம் நாள்தோறும் தேவை. அது இல்லாத இடத்தில் பத்துப் பெயர்களும் பத்துப் பழைய பீர்களாகவே முடியும். மூன்று பம்புகளும் விரைந்து மாறும் பீப்பாய்களும் கொண்ட எளிய பப் அதனினும் மேல். விற்பனை மெதுவான இடங்களில் சிலர் 36 பைன்ட் கொள்ளும் 'பின்' என்னும் சிறு பீப்பாயை வாங்குகின்றனர். வேறு சிலர், காற்றுக்குப் பதிலாக மிகை அழுத்தமில்லாத கரியமில வாயுவை உள்ளே விடும் 'காஸ்க் பிரீதர்' என்னும் தடுப்பிதழைப் பொருத்துகின்றனர்; வெளி வாயு கூடாது என்னும் கொள்கையால் நெடுங்காலம் அதை எதிர்த்துவந்த கேம்ரா, 2018-இல் நடுநிலை எடுத்தது.