ஆயா வீட்டுப் பிள்ளையும் சூராட் பெரானாக்கும்

மலாக்கா மாநிலத்தில் குடிநுழைவுத் துறையின் சோதனைகள் பெரும்பாலும் வெளிநாட்டுத் தொழிலாளர்களைத் தேடியே நடக்கின்றன. ஆனால் கதவைத் தட்டும் அதிகாரி கேட்பது பத்திரம். அங்கேதான் சில தமிழ்க் குடும்பங்களும் மாட்டிக்கொள்கின்றன. தமிழ்நாட்டிலிருந்து மணமாகி வந்து, அனுமதி காலாவதியான மருமகள், தோட்டத்துத் தமிழரைக் கட்டிக்கொண்ட இந்தோனேசியப் பெண், இங்கேயே பிறந்தும் குடிமகன் அல்ல என்று குறிக்கப்பட்ட சூராட் பெரானாக் (பிறப்புச் சான்றிதழ்) வைத்திருக்கும் சிறுவன் என்று பல வகை. சிவப்பு ஐசி (அடையாள அட்டை) வைத்திருக்கும் பாட்டிக்கு இந்தப் பயம் வேண்டியதில்லை. அவர் சட்டப்படி நிரந்தரவாசி.

இந்தச் சிக்கல் தோட்டத்தோடு சேர்ந்தே வளர்ந்தது. 1896இல் டான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் வணிக நோக்கில் ரப்பர் பயிரிட்ட பிறகு மலாக்காவின் உட்பகுதிகளில் தோட்டங்கள் பெருகின. பால்மரம் வெட்டத் தமிழர்கள் வந்தார்கள். 1957 ஆகஸ்ட் 31 முதல் 1962 செப்டம்பர் வரை இம்மண்ணில் பிறந்தவர்கள், பெற்றோர் யாராக இருந்தாலும், குடிமக்கள். அதன்பின் பிறப்பு மட்டும் போதாது என்றாயிற்று. தாய் அல்லது தந்தையின் தகுதியும் பார்க்கப்பட்டது. தோட்டத்து லயத்தில் பிறந்து, பதியாமலே வளர்ந்தவர்களின் பிள்ளைகள் இங்கே தடுக்கினார்கள். 2011 பிப்ரவரியில் அரசாங்கம் இந்தியர்களுக்காக ‘மைடஃப்தார்’ பதிவு இயக்கம் நடத்தியதும், டிரா மலேசியா போன்ற அமைப்புகள் இன்றும் தோட்டம் தோட்டமாகப் போய் விண்ணப்பம் நிரப்பித் தருவதும் இதனால்தான்.

பலருக்கும் தெரியாத காரணம் திருமணப் பதிவு. 1982 மார்ச் 1 முதல் முஸ்லிம் அல்லாதோரின் திருமணம் சட்டப்படி பதியப்பட வேண்டும். கோவிலில் தாலி கட்டி, ஊர் கூடி விருந்து வைத்தாலும், பதியாவிட்டால் சட்டத்தின் கண்ணில் அது திருமணமே இல்லை. அப்படிப் பிறக்கும் பிள்ளைக்குத் தாயின் குடியுரிமைதான் வரும். தந்தை நீல ஐசி வைத்திருக்கும் குடிமகன், தாய் வெளிநாட்டவர் அல்லது பத்திரமே இல்லாதவர் என்றால் பிள்ளை மலேசியக் குடியுரிமையின்றி நிற்கும். பிறகு போய்ப் பதிந்தாலும் குடியுரிமை தானாக வந்துவிடாது. அரசியலமைப்பின் 15ஏ பிரிவின்கீழ் விண்ணப்பிக்க வேண்டும். அதற்கான வயது வரம்பை 21இலிருந்து 18ஆகக் குறைக்கும் திருத்தத்தை நாடாளுமன்ற மக்களவை 2024 அக்டோபரில் நிறைவேற்றியது. அதே திருத்தம், சிவப்பு ஐசிப் பெற்றோரின் பிள்ளைக்குத் தானாகக் கிடைத்துவந்த குடியுரிமையையும் எடுத்துவிடுகிறது. தோட்டத்துக் குடும்பங்களுக்கு இது சிறிய விஷயமல்ல.

ஆகவே சோதனைக்கான ஆயத்தம் தேசியப் பதிவுத் துறையின் முகப்பில் தொடங்குகிறது. தீபகற்ப மலேசியாவில் பிள்ளை பிறந்து 60 நாளுக்குள் பதிய வேண்டும். தாயிடம் பத்திரம் இல்லை என்று பயந்து தள்ளிப்போடுவதுதான் பெரிய தவறு. குடிமகன் அல்ல என்று குறித்த சூராட் பெரானாக்கும் பிள்ளை எங்கே, யாருக்குப் பிறந்தது என்பதற்குச் சான்று. பின்னாளில் எந்த விண்ணப்பத்துக்கும் அதுவே அடிப்படை. கடப்பிதழ், அனுமதி, திருமணச் சான்றிதழ், கிளினிக் புத்தகம் ஆகியவற்றின் நகல்கள் இன்னொரு உறவினர் வீட்டிலும் இருப்பது நல்லது.

பிள்ளை பார்ப்பவர்களின் நிலை வேறு. அந்தக் காலத் தோட்டத்து ஆயாக் கொட்டகையின் இடத்தில் இன்று தாமான்களில் (குடியிருப்புப் பகுதிகளில்) ஆயா வீடுகளும் தாஸ்காக்களும் (குழந்தை பராமரிப்பு மையங்களும்) இருக்கின்றன. 1984ஆம் ஆண்டுச் சட்டப்படி நான்கு பிள்ளைகளோ அதற்கு மேலோ பார்த்துக்கொள்ளும் இடம் சமூக நலத் துறையில் பதிந்திருக்க வேண்டும். சோதனையில் தாஸ்கா நடத்துபவரைச் சிக்கவைப்பது பெரும்பாலும் பிள்ளைகளின் பத்திரம் அல்ல, உதவிக்கு வைத்த ஆளின் பத்திரம். அனுமதியில்லாத வெளிநாட்டவரை வேலைக்கு வைத்தால் தலைக்கு 10,000 முதல் 50,000 ரிங்கிட் வரை அபராதம் உண்டு. வீட்டுப் பணிப்பெண்ணாக அனுமதி பெற்றவரைத் தாஸ்காவில் பிள்ளை பார்க்க வைப்பதும் அனுமதி மீறல்தான். தெரிந்தும் பலர் செய்கிறார்கள். அதிகாரிகள் வந்தால் அவர்களின் அடையாள அட்டையைப் பார்த்து, பெயரைக் குறித்துக்கொள்ளலாம். ஆளை ஒளிப்பதும் பொய் சொல்வதும் புதிய குற்றமாகும். பிள்ளைகளை அவர்களுக்குப் பழகிய ஒருவரோடு வேறு அறையில் உட்காரவைத்தால் பாதிக் கலவரம் அடங்கிவிடும்.

கைதானவருக்குக் காரணத்தைச் சொல்லவேண்டும், அவர் விரும்பும் வழக்கறிஞரை அணுக விடவேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 5ஆம் பிரிவு. இது குடிமக்களுக்கு மட்டும் உரியதல்ல. ஆனால் 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்ற விதி, குடிநுழைவுச் சட்டத்தில் பிடிபட்ட குடிமகன் அல்லாதவருக்கு 14 நாளாக நீள்கிறது. மலாக்காவில் அவரைத் தேடிப்போக வேண்டிய இடம் பெரும்பாலும் அலோர்காஜா மாவட்டத்து மாச்சாப் உம்பூ தடுப்பு முகாம்.

அந்த 14 நாளில் பிள்ளை யாரிடம் இருக்கும்? பார்த்துக்கொள்ள ஆள் இல்லாத பிள்ளையை, 2001ஆம் ஆண்டுச் சிறார் சட்டப்படி, சமூக நலத் துறையின் பாதுகாவலர் தற்காலிகமாகப் பொறுப்பேற்கலாம்; தாலியான் காசே உதவித் தொலைபேசி எண் 15999. ஆள் இருந்தால் அதை எழுத்தில் காட்டுவது எளிது. மாமன், சித்தி, பாட்டி என்று பத்திரம் சரியாக உள்ள ஒருவரின் பெயர், ஐசி எண், தொலைபேசி எண்ணைக் குறித்து, சத்தியப் பிரமாண ஆணையர் முன் பெற்றோர் கையெழுத்திட்ட கடிதம் ஒன்று தாஸ்காவிலும் பள்ளியிலும் இருக்கட்டும். அது சட்டப்பூர்வப் பாதுகாவலர் உரிமையைத் தராது. அதற்கு நீதிமன்றம் வேண்டும். ஆனாலும் மாலை ஐந்து மணிக்குப் பிள்ளையை யாரிடம் ஒப்படைப்பது என்று ஆயா திகைக்கும்போது, அவர் அழைக்க ஒரு எண் இருக்கும்.